பதினாறு சென்டிமீட்டர் கடல்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. வீட்டில் மூன்று பேரும் சுகம், என் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றைத் தவிர. அதுவும் சனிக்கிழமை ஒரு கல் கிழித்த காயம்தான், பயப்படாதே, பல் டாக்டரே கழுவிக் கட்டுப் போட்டுவிட்டார். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். விரலில் கட்டு இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். ஆகவே இதில் நான் என்று வரும் இடமெல்லாம் நான், அழகான வாக்கியம் வரும் இடமெல்லாம் அவள். மெதுவாச் சொல்லும்மா, தேர்வுல கூட இவ்வளவு வேகமா எழுதினதில்லை என்று முறைக்கிறாள். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதியை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவுவாய். கல் நின்றது! உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு, பல்லு கட்டுறது போதாதா என்று போனில் சொன்னாயே, அந்த வம்பு இப்போது டாக்டருடைய காத்திருப்பு அறையில் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீண்டு, தண்ணீருக்குள் விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

நீ அரைகுறையாகக் கேட்ட கதையை ஒழுங்காகச் சொல்கிறேன். நோயாளிகள் பயந்து பயந்து உட்கார்ந்திருக்கிறார்களே, பார்க்க ஏதாவது வேண்டும் என்று டாக்டர் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கினார். நூற்றறுபது சென்டிமீட்டர் நீளம், அறுபது அகலம், அறுபது உயரம். உப்புத் தண்ணீர், பவளம், கடல் மீன் எல்லாம் வரும் என்றார். மீன் கடைக்காரர் வந்து மணலைக் கொட்டி, மணல் மேலேயே பத்தொன்பது கல்லையும் செங்கல் சுவர் மாதிரி அடுக்கிவிட்டுப் போனார். மூன்றாம் நாள், பாதித் தண்ணீர் நிரம்பியிருந்தபோது, மணல் நகர்ந்து சுவர் மொத்தமும் சரிந்தது. அந்தச் சத்தத்தில் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவர் பதறிப்போய் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டார். நல்லவேளையாக அடிக் கண்ணாடியில் ஒரு கீறலோடு போயிற்று. கண்ணாடி உடைந்திருந்தால் ஐந்நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் அந்தத் தொட்டியின் பாதிக் கடல் காத்திருப்பவர்களின் மடியில் வந்திருக்கும். தொட்டியைக் காலி செய்து, கல்லையெல்லாம் நான்கு பிளாஸ்டிக் தொட்டிகளில் உப்புத் தண்ணீர் விட்டு, நான் பல்செட் செய்யும் பின்னறைக்கு வெளியே நடையில் வைத்துவிட்டார்கள். அது வெறும் கல் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு துளைக்குள்ளும் ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது, மெல்லிய புழு, கடுகளவு நத்தை, நூல் போல ஒரு கை நீட்டி உடனே இழுத்துக்கொள்ளும் எதுவோ. மூன்று வாரம் அப்படியே கிடந்தன. ஒரு திங்கட்கிழமை டாக்டர், சனிக்கிழமைக்குள்ள இது நிக்கலைன்னா தொட்டியைத் திருப்பிக் குடுத்துடலாம், கல்லைத் தூக்கிப் போட்டுடலாம், எனக்கு இன்னொரு தடவை விரல் போகக் கூடாது என்று சொன்னார். நான் கை நிறைய பிளாஸ்டர் மாவோடு கதவருகில் நின்றிருந்தேன். வாய் என்னைக் கேட்காமலே திறந்துவிட்டது. நான் நிக்க வைக்கிறேன் டாக்டர் என்றேன். அன்று தொட்டியைப் பார்க்க வந்திருந்த கடைக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. பல்லு கட்டுற அம்மா இனிமே மலை கட்டப் போறாங்களாம் என்று வரவேற்பு மேசைப் பெண்ணிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

தொட்டிக்குள் கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை, ஒவ்வொன்றும் அவ்வளவு கனம், கீழே ஏற்கெனவே கீறிய கண்ணாடி. அதனால் பல் வேலையில் என்ன செய்வேனோ அதையே செய்தேன், வாயில் கை வைப்பதற்கு முன்னால் மாதிரி. பல்லின் தடிமன் அளப்பது போலவே, ஒரு பெரிய கவ்வியால் பத்தொன்பது கல்லையும் அளந்தேன், ஒவ்வொன்றாக ஈரத்துணியில் சுற்றி வெளியே எடுத்து, அளந்து, உடனே தண்ணீரில் விட்டு. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு. மிச்சமிருந்த மாவில் பத்தொன்பது குட்டிக் கற்கள் செதுக்கி, பென்சிலால் எண் போட்டேன். தொட்டிக்கு ஒரு அட்டைப் பெட்டியைப் பதினாறுக்கு ஆறாக வெட்டி, முன்பக்கம் சட்டைப் பெட்டியில் வரும் கண்ணாடித் தாளை ஒட்டினேன். மூன்று நாள் நம் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை, கடல் இருந்தது. உன் அப்பா பள்ளி வேன் ஓட்டிவிட்டு வந்து, நான் அடுக்கி அடுக்கிக் கலைத்த ஒவ்வொரு அடுக்குக்கும் பெயர் வைத்தார். முதலாவது ஒட்டகம், இரண்டாவது உடைஞ்ச சோபா, நான்காவது உங்க பெரியப்பா மூக்கு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, சோறு எங்க என்றார். உன் தங்கை மட்டும்தான் மேசையில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தாள். அம்மா, நீ நின்னுக்கிட்டு மேல இருந்து பாக்குற, அங்க எல்லாரும் உக்காந்துல்ல பாப்பாங்க என்றாள். நானும் குனிந்து பார்த்தேன். மேலிருந்து மலையாகத் தெரிந்தது, உட்கார்ந்து பார்த்தால் மூட்டை. கலைத்தேன். ஆறாவது அடுக்குதான் அமைந்தது. இடப்பக்கம் உயரமான பாறை, நடுவில் ஒரு வளைவு, வளைவின் உச்சியில் பதினான்காம் கல், மீன் நுழைந்து போக இரண்டு குகை, மேலே பவளம் ஒட்ட விளக்கைப் பார்த்த மேடை, கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு பென்சில் போகும் இடைவெளி, பெரிய தொட்டியில் அது ஏழு சென்டிமீட்டர் ஆகும், அப்போதுதான் அங்கே கை விட்டுப் பாசியைத் துடைக்க முடியும். வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெறும் மணல். எனக்கே பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை மாலை உன் தங்கை அதைப் பெட்டியோடு தூக்கிச் சாய்த்துப் பார்த்தாள், ஒரு கல் கூட அசையவில்லை. பார்த்தியா என்றேன். அவள் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அம்மா, கல்லுக்கு நடுவுல ரோஸ் கலர்ல இருக்கே, அது என்ன என்று கேட்டாள். மெழுகு! பல்செட் வேலையில் எதைப் பொருத்தினாலும் முதலில் ஒரு சொட்டு மெழுகு வைப்பது என் கைப்பழக்கம், இருபத்திரண்டு வருடத்துப் பழக்கம், வைத்ததே எனக்குத் தெரியவில்லை. தண்ணிக்குள்ள யாரும்மா மெழுகு வைப்பா என்று அவள் கேட்கும்போதே சுரண்டி எடுத்துவிட்டேன், எடுத்த நொடியில் வளைவு பொலபொலவென்று விழுந்தது. பசை வைத்து ஒட்டலாமே என்று கேட்பாய், டாக்டரும் அதைத்தான் கேட்டார். பிறகு ஒரு கல்லை மாற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் உடைக்க வேண்டும், அதோடு, ஒட்டினால்தான் நிற்கும் என்பது நிற்பது இல்லை. சரியாகச் செய்த பல்செட் ஈறின் மேல் தானாக உட்காரும், பசை கேட்காது. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், என் மேசையில் எனக்கே மறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டு மெழுகில்லாமல் முதலிலிருந்து அடுக்கினேன். ஒவ்வொரு கல்லும் மூன்று இடத்தில் உட்கார வேண்டும், மேசையை முழங்காலால் இடித்தால் விழக் கூடாது. பதினோரு தடவை விழுந்தது, உன் தங்கை நோட்டில் கோடு போட்டு எண்ணி வைத்திருக்கிறாள். பன்னிரண்டாவது தடவை உன் அப்பா மேசையை இடித்தே போனார், அதுவும் தெரியாமல், வளைவு நின்றது. இதுக்குப் பேரு வைக்கலையா என்றேன். இது பாறை மாதிரியே இருக்கே, இதுக்கு என்ன பேரு வைக்கிறது என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு.

சனிக்கிழமை மதியம் வரை டாக்டர் யாரையும் வரச் சொல்லவில்லை. கடைக்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். மணலைக் கடைசியில் போடலாம், கல் முதலில் தரையைத் தொடட்டும் என்று அடியில் ஒரு பிளாஸ்டிக் வலையை விரித்தேன். மாவுக் கல்லைப் பார்த்து எந்தக் கல் எங்கே, எந்தப் பக்கம் என்று உன் தங்கை எண் சொல்ல, அப்பா தூக்கித் தர, நான் வைத்தேன். ஆனால் குட்டிக் கல் சொன்ன இடத்தில் பெரிய கல் அப்படியே உட்காருமா? மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எங்கே முட்டுகிறது என்று பார்க்க நீலத் தாள் வைத்துக் கடிக்கச் சொல்வோமே, சின்ன வயதில் நீ நாக்கெல்லாம் நீலமாக்கிக்கொண்டு ஓடினாயே, அதே தாள்தான். கல்லைத் துணியால் ஒற்றி, இரண்டு கல்லுக்கு நடுவில் தாளை வைத்து அழுத்தினேன். நீலம் விழுந்த இடம் முட்டும் இடம். ஒரே புள்ளி என்றால் அதை அரத்தால் தேய்த்து, மூன்று புள்ளி ஆகும்வரை. கல்லுக்குக் கடி பாக்குற முதல் ஆள் நீங்கதான் என்றார் டாக்டர், சிரிக்காமல். வலப்பக்கத்தைப் பார்த்து, இவ்வளவு இடம் சும்மா கிடக்கே என்றும் கேட்டார். நாக்குக்கு இடம் விடாத பல்செட்டை யாராவது போட்டுக்குவாங்களா டாக்டர் என்றேன். பதினான்காம் கல்லை வைக்கும்போதுதான் விரல் கிழிந்தது. வலி தெரியவில்லை, ஏனென்றால் அதன் அடியில் இரண்டு நீலப் புள்ளிதான் இருந்தது. எடுத்தேன், தேய்த்தேன், வைத்தேன், இரண்டு. மறுபடி தேய்த்தேன். மூன்று. கையை எடுக்க வேண்டும், எடுக்க மனசு வரவில்லை. கைய எடும்மா என்று உன் தங்கை மெதுவாகச் சொன்னாள். எடுத்தேன். நின்றது. கடைக்காரர் சுவரை விட்டு வந்து, தன் உள்ளங்கையை வளைவின் மேல் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார், எனக்கு உயிரே போயிற்று, கல் அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, அக்கா, அடுத்த வாரம் ஒரு ஹோட்டல்ல தொட்டி வைக்கிறேன், அதுக்கும் இந்த மாதிரி ஒரு பொம்மை பண்ணிக் குடுப்பீங்களா என்றார். அம்மா போய் அக்கா வந்ததைக் கவனித்தாயா?

மணல் போட்டு, தண்ணீர் விட்டதும் பால் மாதிரி கலங்கி ஒன்றும் தெரியவில்லை. மதியத்துக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கிய நேரத்தில் மெல்ல மெல்லத் தெளிந்தது. மீன் வர இன்னும் சில வாரம் ஆகும், ஆனாலும் எல்லோரும் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்கள். பதினான்காம் கல்லின் துளையிலிருந்து நூல் போல ஒரு கை வெளியே வந்தது, பிறகு இன்னொன்று, மூன்று வாரம் நடையில் பிழைத்துக் கிடந்த ஏதோ ஒன்று புது வீட்டைத் தடவிப் பார்த்தது. ஒரு பெரியவர் அதைக் கண்டு, அட என்று வாய் விட்டுச் சிரித்தார். அவர் வாயில் தெரிந்தது போன வருடம் நான் கட்டிய பல்செட், மேல் வரிசை, இடப்பக்கம் நானே வேண்டுமென்று துளி சாய்த்து வைத்த பல். என் வேலையில் யாராவது பார்த்து, அட பல்செட்டா என்று கேட்டால் அது தோற்ற வேலை, தெரியாமல் இருந்தால்தான் ஜெயித்தது, இப்படியே இருபத்திரண்டு வருடம் பின்னறையில் ஜெயித்துவிட்டேன். அவர் திரும்பி டாக்டரிடம், இதை யாரு கட்டினது என்று கேட்டார். டாக்டர் என்னைக் காட்டினார். எல்லோரும் திரும்பினார்கள். மாவு படிந்த அங்கியோடு, விரலில் கட்டோடு நான் முன்னறையில் நின்றேன், பின்னறைக்கு ஓடவில்லை. (தங்கை எழுதுவது: அம்மா அழுதாங்க. எழுதாதேன்னு சொன்னாங்க.)

உறையில் ஒரு குட்டிக் கல் இருக்கும், எண் பதினான்கு. உடையாமல் வந்து சேர வேண்டும். அதை உன் மேசையில் எந்தப் பக்கம் வைத்தால் நிற்கிறது என்று நீயே கண்டுபிடி, அடுத்த முறை எதுக்கும்மா வம்பு என்று கேட்க வாய் வந்தால் ஒரு தரம் அதைப் பார்த்துக்கொள். அந்தக் கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா, இல்லை இன்னும் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறாயா? இந்த மாதத்துக்குள் காட்டிவிடு, நீலத் தாள் வைத்துப் பார்க்கச் சொல். அப்பா உன்னை விசாரித்தார், வேனுக்கு நீ சொன்ன கண்ணாடியை மாற்றிவிட்டாராம். உடம்பும் மனசும் தெம்பாக, எடுத்த காரியம் எல்லாம் கைகூடி நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். கீழே இருக்கும் கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், அதை மட்டும் நானே போடுகிறேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஆசிகளுடன்,
மலை கட்டிய
உன் அம்மா