மாடி வீட்டில் பார்த்த கடைசி எபிசோட்

சாய்ராம்,

ரசம் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோ. வெளியே போனா சாவியை மாடி வீட்டு வங்காள அண்ணி, அந்த மிதாலி பௌதிகிட்ட குடுக்காதே. செருப்பு ஸ்டாண்டுக்குள்ள வை.

அந்த வங்காள சீரிஸ் ஒண்ணும் பிரமாதம் இல்லை. நல்ல நாவலை இழுத்து இழுத்துக் கொன்னுட்டாங்க. ஹீரோயினுக்கு அழறதைத் தவிர வேலையே இல்லை. ஆனா "சப்டைட்டில் வேண்டாம், நீயே அர்த்தம் சொல்லு"ன்னு கேட்டவன் நீ. ஒவ்வொரு எபிசோடும் உன் தோள்ல சாஞ்சுக்கிட்டே சொன்னேன். கடைசி எபிசோடை மட்டும் நேத்து பௌதி வீட்டுல பார்த்திருக்கே. அவங்களே அர்த்தம் சொன்னாங்களாம். லிஃப்ட்ல என்கிட்ட பெருமையா சொல்றாங்க.

முடிவை என்கிட்ட சொல்லாதே.

மேக்னா

பி.கு. சாயந்திரம் நம்ம வீட்டுல அதையே மறுபடி பார்க்கறோம். ஒண்ணும் தெரியாத மாதிரி உட்காரு. நான் தப்பா அர்த்தம் சொன்னாலும் திருத்தாதே.