பிறப்பு என்று சொல்லாத சொல்

பொலோனியா, இத்தாலி
14 செப்டம்பர் 2024

அன்புள்ள சதீஷ்,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன், நீயும் எழுது. நடவு தொடங்கியாயிற்றா? அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

என் ஆராய்ச்சி ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஐரோப்பாவில் பழைய கலையும் கல்வியும் திரும்ப எழுந்த காலத்தைப் பிரெஞ்சில் ‘ரெனசான்ஸ்’ என்கிறார்கள். நேர்ப்பொருள் மறுபிறப்பு. இங்கே இத்தாலியிலும் அப்படித்தான், ‘ரினாஷிதா’. தமிழில் மட்டும் ஏன் மறுமலர்ச்சி? பிறப்பு எங்கே போயிற்று, பூ எங்கிருந்து வந்தது? முதலில் எழுதியவர் யாரென்று தேடித் தேடி அலுத்துவிட்டேன்.

நம் தெருக்கோடியில் ‘மறுமலர்ச்சி மன்றம்’ என்று ஒரு கட்டடம் பூட்டிக் கிடக்குமே, அந்தப் பெயரை யார் வைத்தார்கள்? கேட்டுச் சொல்.

உன் விசாவுக்குத் தேதி வந்துவிட்டது. நவம்பர் பதினெட்டு, சென்னை. நேரில் போக வேண்டும். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவது எனக்குப் போதும்.

உன் வானதி

குடவாசல்
2 அக்டோபர் 2024

என் வானதிக்கு,

நடவு முடிந்தது. அம்மா நலம், உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மன்றத்தைத் திறக்கவைத்தேன். உள்ளே முழுக்க உர மூட்டை. பெயரைப் பற்றி நாகநாதன் சித்தப்பாவைக் கேட்டால் சிரிக்கிறார். “அந்தக் காலத்துல சலூன், சைக்கிள் கடை எல்லாத்துக்கும் அந்தப் பேருதான்டா. அர்த்தம் யாரு கேட்டா? இங்க நாடகம் போட்டோம், அவ்வளவுதான்.”

பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடத்துக் கமருன்னிஸா டீச்சர், “அப்ப இப்ப ஏன் போடலைங்க?” என்று கேட்டுவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. வயலில் நின்றால் மனசு மன்றத்தில், மன்றத்தில் நின்றால் வயலில். கல்லூரியில் நாடகம் எழுதிய கைதானே இது? அப்பா தவறி, நிலத்தைப் பார்க்க ஊருக்கு வந்த பிறகு ஒரு வரி எழுதவில்லை. இப்போது வாய்க்கால் தகராறு ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். டீச்சரும் நடிக்கிறார். “பொம்பளையை மேடை ஏத்துறியா?” என்று தெருவில் ஒரே சலசலப்பு. அம்மாவுக்கும் கோபம்.

சதீஷ்

பொலோனியா
27 அக்டோபர் 2024

அன்புள்ள சதீஷ்,

நீ எழுதுகிறாய் என்பதைப் படித்துவிட்டு அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். சந்தோஷம்தான். ஆனாலும் ஏதோ அரிக்கிறது.

சொல்லைப் பற்றி எனக்குத் தோன்றுவது இது. ‘மறுபிறப்பு’ என்றால் நம்மவர்களுக்குச் செத்த பிறகு வரும் அடுத்த ஜன்மம். அந்தச் சொல் ஏற்கெனவே எமன் வீட்டுக்குப் போய்விட்டது. அதனால்தான் பூவை எடுத்திருப்பார்கள். நிரூபிக்க முடியவில்லை. எனக்குப் ‘பிறப்பு’தான் பிடித்திருக்கிறது. இந்த ஊரில் வந்து இறங்கிய அன்று நான் புதிதாகப் பிறந்த மாதிரிதான் இருந்தது.

உன் கடிதத்தில் விசாவைப் பற்றி ஒரு வரி இல்லை. பதினெட்டாம் தேதி. போய்விடுவாய் அல்லவா?

உன் வானதி

குடவாசல்
24 நவம்பர் 2024

வானதி,

போகவில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை. பதினேழாம் தேதி பையைத் தூக்கிக்கொண்டு கும்பகோணம் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். ரயில் வந்தது, நின்றது, போயிற்று. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மழையில் பயிர் மூழ்கிக் கிடந்தது. வடிய வைக்க ஆள் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை. பிறப்பு என்றால் தொப்புள்கொடியை அறுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். உன்னால் முடிந்தது. பூ அப்படியில்லை, காம்பை விட்டால் உதிர்ந்துவிடும். நான் அந்த ஜாதி. இதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், அப்போது எனக்கே தெரியாது.

நீ இங்கே வருவாயா என்று கேட்கத் துணிச்சல் இல்லை. பதிலும் தெரியும்.

பொங்கல் முடிந்து நாடகம்.

சதீஷ்

பொலோனியா
9 பிப்ரவரி 2025

அன்புள்ள சதீஷ்,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். கோபம் தீரட்டும் என்று காத்திருந்தேன், தீரவில்லை. ஆனால் அதன் நிறம் மாறிவிட்டது.

கமருன்னிஸா டீச்சர் நாடகத்தின் வீடியோவை அனுப்பியிருந்தார். நடுவில் மைக் நின்றுபோகிறது. நீ மேடையிலிருந்து குதித்து, கூட்டத்துக்குள் நின்று கத்திப் பேசுகிறாய். ஜனங்கள் எழுந்து உன்னைச் சுற்றி நிற்கிறார்கள். முதல் வரிசையில் அத்தை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். கடைசியில் நீயும் சிரிக்கிறாய். கல்யாணமான நாலு வருஷத்தில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஐந்தாறு தடவை போட்டுப் பார்த்தேன். பிறகு அழிக்கப் போனேன், கை வரவில்லை.

கட்டுரையை முடித்துவிட்டேன். தமிழர்கள் அந்தச் சொல்லை மொழிபெயர்க்கவில்லை, வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று முடித்திருக்கிறேன். இங்கே என் ஆராய்ச்சிப் பணியை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்தார்கள், நேற்று கையெழுத்துப் போட்டேன். உன் விசாவுக்காக இங்கே நான் கொடுத்திருந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இனி தேதி கேட்டு உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். நீயும் எனக்காக ஸ்டேஷனில் போய் உட்கார வேண்டாம்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நாம் பிரிவதை அத்தையிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லவா?

வானதி