சுஜாவுக்குக் கேட்காத சத்தம்

துர்கா பூஜை விடுமுறை முடிந்து இன்று காலை பள்ளி திறந்தோம். எல்.கே.ஜி. அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. மேல் தட்டில், பழைய தலையணை உறையில் நீ தைத்த பை. கையை விட்டுப் பார்த்தேன். சோப்புத் துண்டு, ஸ்பூன், பித்தளை மணி, பந்து, சக்கரம் கழன்ற பஸ். எல்லாம் இருந்தன. நீ போன பிறகு வந்த முதல் பூஜை இது. வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

நான் கல்யாணமாகித் திருச்சியிலிருந்து கல்கத்தாவில் டாக்குரியாவுக்கு வந்து, வங்காளத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் நம் நர்சரியில் சேர்ந்தபோது, தமிழில் பேச எனக்கு அங்கே இருந்தவள் நீ ஒருத்திதான். நீ இங்கேயே பிறந்தவள். பேங்க் ஆபீசர் மகள். கணக்குப் போடுவது வங்காளத்தில், கோபப்படுவதும் வங்காளத்தில். என்னோடு வம்பு பேச மட்டும் தமிழ். நம் இருவருக்கும் வயதில் சில மாதங்கள்தான் வித்தியாசம் என்று தெரிந்த அன்றே 'டீ' போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டாய்.

அந்தப் பையை வைத்துத்தான் முதல் ஒலியைச் சொல்லிக்கொடுப்போம். குழந்தை கையை விட்டு ஒரு பொருளை எடுக்க வேண்டும், அதன் இங்கிலீஷ் பேரைச் சொல்ல வேண்டும், அது எந்தச் சத்தத்தில் ஆரம்பிக்கிறது என்று சொல்ல வேண்டும். நான் 'எஸ்', 'பி' என்று எழுத்தின் பெயரைச் சொல்லப் போனால் தடுத்துவிடுவாய். "பேரு அப்பறம்டீ. சத்தம்தான் முதல்ல." பிறகு நீ 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்க, வகுப்பே சேர்ந்து சீறும்.

சுஜா மட்டும் சீற மாட்டாள். ஸ்டேஷன் பக்கம் அப்பளமும் காபித்தூளும் இட்லி அரிசியும் விற்கும் கடைக்காரரின் மகள். பெயர் கேட்டால் "உஜா" என்பாள். மதிய டப்பாவில் ரவை உப்புமா இருந்தால், ரவைக்கு இங்கே சொல்கிற 'சூஜி'யை "ஊஜி" என்பாள். எல்லோரும் மழலை என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். பந்தையும் மணியையும் சரியாகச் சொல்லிவிடுவாள். ஸ்பூனை எடுத்தால் மட்டும் "பூன்" என்று சொல்லிவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மற்றக் குழந்தைகளுக்கு மழலை போயிற்று. இவளுக்குப் போகவில்லை. நாம் எல்லோரும் வங்காள வழக்கப்படி அக்கா என்ற பொருளில் 'திதி' என்று கூப்பிட்ட தலைமை ஆசிரியை, "அடுத்த வருஷமும் இதே வகுப்பில் உட்காரட்டும், கொஞ்சம் மந்தம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் உனக்கு ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே பாடம் நடத்தினாய். சுஜா பந்தை எடுத்தாள். "பால், பந்து. என்ன சத்தம்?" என்று கேட்டாய். எப்போதும் சட்டென்று சொல்பவள் விழித்தாள். நீ கைக்குட்டையை எடுத்துவிட்டு அதையே கேட்டாய். உடனே உதட்டை ஒட்டிப் பிரித்து 'ப்' என்றாள். மறுபடி வாயை மூடிக்கொண்டு மணியைக் காட்டினாய். மறுபடி விழித்தாள்.

இடைவேளையில் என் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனாய். "அவ மந்தம் இல்லைடீ. அவளுக்குக் கேக்கவே இல்லை. இத்தனை நாளா என் வாயைப் பாத்துப் படிச்சிண்டிருக்கா."

அன்று சாயங்காலமே அவள் அம்மாவிடம் சொன்னாய். உன்னால் எதையும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியாதே. கேட் அருகில் அந்த அம்மாவின் முகம் மாறியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"எம்பிள்ளயச் செவிடுன்னா சொல்லுதீங்க? வீட்ல கூப்ட்டா ஓடி வருதாளே டீச்சர். இதெல்லாம் வெளிய பேசாதீங்க. நாளைக்கு யாரு அவளக் கட்டுவா?"

மறுநாளிலிருந்து சுஜா வரவில்லை. "நீ என்ன டாக்டரா?" என்று திதி உன்னைக் கேட்டார். இன்னொரு குழந்தையின் வீட்டிலும் இப்படிப் போய்ச் சொன்னால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். நான்கூட, கொஞ்ச நாள் பொறு என்றேன். "கேக்காம போற ஒவ்வொரு நாளும் அவளுக்கு நஷ்டம்டீ" என்று நீ செருப்பை மாட்டிக்கொண்டாய். நானும் கூட வந்தேன்.

கடைக்குப் பின்னால் வீடு. அதற்கும் பின்னால் ரயில் பாதை. சுஜா நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அட்டைப் பெட்டி மேல் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் அம்மா நம்மை உட்காரச் சொல்லவில்லை. நீ வாதாடவும் இல்லை.

"ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கோ. எப்பவும் கூப்பிடற மாதிரி வேண்டாம். என்னோட பேசற மாதிரி, மெதுவா."

"சுஜா" என்றாள் அம்மா. படம் வரைகிற கை நிற்கவில்லை.

இன்னும் கொஞ்சம் கிட்டப் போனாள். "சுஜாக்கண்ணு."

லோக்கல் ரயில் ஒன்று வந்தது; பேச்சு நின்றது; ரயில் போயிற்று. பிறகு அந்த அம்மா, தான் தினமும் கூப்பிடுகிற குரலில், "ஏட்டி சுஜா!" என்று கத்தினாள். குழந்தை திரும்பிச் சிரித்தது.

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ரயிலு போற வீடு டீச்சர். எல்லாருக்கும் கத்திக் கத்தியே பழகிட்டோம். அதான் தெரியாமப் போச்சு."

நீ பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். "தெரிஞ்சுடுத்தே. இனிமே பாத்துக்கலாம்." கடையிலிருந்து வந்த அப்பா, என்ன நடந்தது என்று புரியாமல் நம் மூவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விவரம் கேட்டதும், "எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, நாளைக்கே கடையப் பூட்டிட்டுக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

பரிசோதித்த டாக்டர், கனத்த சத்தங்கள் ஓரளவு கேட்கும், 'ஸ்' போன்ற மெல்லிய கூர்மையான சத்தங்கள் இந்தக் குழந்தைக்கு எட்டவே இல்லை என்றார். சுஜா பள்ளிக்குத் திரும்பினாள், இரண்டு காதுக்கும் கருவி வந்தது. அதைப் போட்டுக்கொண்ட மறுநாள் அம்மாவே ஓடி வந்து சொன்னாள்: "தோசக்கல்லுல தண்ணி தெளிச்சேன் டீச்சர். பயந்துபோயி, அது என்னம்மான்னு கேக்கா. பொறந்ததுலேருந்து அந்த அடுப்புப் பக்கத்துலதான் உக்காந்திருக்கா!"

நீ அதையே பிடித்துக்கொண்டாய். "தோசைக்கல் என்ன சொல்றது?" என்று தினமும் கேட்பாய். கருவி போட்டதும் பேச்சு வந்துவிடவில்லை. நாக்கு பழக வேண்டும். சில நாள் கருவியைக் கழற்றி வீசி அழுதாள். பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போக அம்மாவுக்கு நேரமில்லாத நாட்களில் நீ போனாய். மழைக்காலம் போய், குளிரும் போன பிறகு ஒரு காலை, வருகைப் பதிவின்போது அவளிடம் பெயரைக் கேட்டாய். "ஸ்ஸுஜா" என்றாள். நீ பதிவேட்டை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாய். அன்று பாக்கிக் குழந்தைகளின் பெயரை நான்தான் கூப்பிட்டேன். அந்த வருடம் அவள் மேல் வகுப்புக்குப் போனாள். திதியும் அதற்குப் பிறகு மந்தம் என்ற சொல்லை நம் காதுபடச் சொன்னதில்லை.

நீ போன செய்தி கேட்டு அவள் வந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தமிழை விட வங்காளம்தான் சரளம். உன் படத்தின் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தக் கைக்குட்டையும் ஞாபகமில்லை, 'உஜா'வும் ஞாபகமில்லை. எதுதான் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன்.

"சின்ன வயசுல எல்லாரும் என்கிட்ட கத்துவாங்க ஆன்ட்டி. இந்த ஆன்ட்டி மட்டும் கத்தவே மாட்டாங்க. எழுந்து கிட்ட வருவாங்க" என்றாள்.

இத்தனை வருடம் உன்னோடு ஒரே அறையில் நின்றும் நான் கவனிக்காத விஷயம் அது.

இன்று வகுப்பில் ஒரு பெண் குழந்தை மூலையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியை அவளை உரக்கக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. "கூப்பிட்டா கேக்கவே மாட்டேங்குறா பாருங்க" என்று குரலை இன்னும் உயர்த்தப் போனாள். நான் வேண்டாமென்று கையைக் காட்டினேன். என் முழங்கால் முன்போல் இல்லை, எழுந்திருக்க நேரமாகிறது. ஆனாலும் எழுந்தேன். அறையைக் கடந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருந்தேன். பிறகுதான் பேசினேன்.