புளி போட்டு விளக்கிய கார்டு

என்னங்க,

கூப்பிட்டால் "ம்" என்றுகூட வராது, தெரியும். ஆனாலும் இப்படிக் கூப்பிட்டால்தான் எனக்குப் பேச்சே வருகிறது.

வெள்ளிக்கிழமை கம்பெனியிடம் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்தாக வேண்டும். மந்தாரக்குப்பத்தில் ஒரு ரூமும் சமையற்கட்டுமாக வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். சாமான்களையெல்லாம் கட்டியாயிற்று. உங்கள் பழைய கம்ப்யூட்டர் மட்டும் மேசைமேல் இருக்கிறது. அதை ஊமையாக்கியது நான். இந்த வீட்டை விட்டுப் போவதற்குள் அதைப் பேசவைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

ஆமாம், நான்தான். நாலு வருஷமாக மறைத்ததை இப்போது சொல்கிறேன். அன்றைக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போயிருந்தீர்கள். நம் சுரங்க ஊர்க் கரித்தூசியைப் பற்றிக் கேட்கவா வேண்டும்! சத்தம் வரவைக்கிற சவுண்டு கார்டு தனியே கிடந்தது. அடியில் வரிசையாகப் பொன்னிறப் பற்கள், கறுத்துப்போய். குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளி போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்தேன். பளபளவென்று ஆனது. நீங்கள் அசந்துபோவீர்கள் என்று எனக்குப் பெருமை வேறு.

சாயங்காலம் வந்து சொருகினீர்கள். சத்தமே வரவில்லை. "பழசு, போயிடுச்சி போல" என்றீர்கள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காதர் பாயின் பழைய சாமான் கடைக்குப் போய்த் தேடினீர்கள். ஒன்று கிடைத்தால் பல் சேராது, இன்னொன்றைச் சொருகினால் கம்ப்யூட்டரே எழாது. வெறுங்கையோடு நீங்கள் வரும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

போன வாரம் நானே பாய் கடைக்குப் போனேன். சவுண்டு கார்டு என்று கேட்டேன், கொடுத்தார். வீட்டில் வைத்துப் பார்த்தால் பல் குட்டை, கம்ப்யூட்டரில் இருக்கும் பள்ளம் நீளம். திரும்பவும் போனேன்.

"செத்த கார்ட கொண்டாந்து காட்டுங்க அண்ணி. அத பாத்தாதான் ஜோடி புடிக்க முடியும்" என்றார்.

கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "புளி போட்ட கார்டு இதானா?"

"யார் சொன்னது உங்களுக்கு?"

"அண்ணன்தான். மறுநாளே வந்துட்டாரே. பல்லு இடுக்குல புளிநாரு ஒட்டிக்கினு இருந்துச்சாம். 'வூட்ல இத குத்துவிளக்குன்னு நெனச்சிட்டாங்க பாய்'னு ஒரே சிரிப்பு. 'கேட்டா மனசு ஒடஞ்சிடுவா, நீயும் காட்டிக்காத'ன்னாருங்க."

ஏங்க, தெரிந்தும் ஏன் கேட்கவில்லை? பாயிடம் சிரித்த சிரிப்பை என்னிடம் சிரித்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நான் வருத்தப்படக் கூடாது என்று நீங்கள் மறைத்தீர்கள். நான் திட்டுக்குப் பயந்து மறைத்தேன். ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு, ஆளுக்கொரு மூலையில் தனியாகவே இருந்திருக்கிறோமே! ஒருநாள் கத்தியிருக்கலாம். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இப்போது என்னைத் திட்ட யார் இருக்கிறார்கள்? நீங்கள் கண்மூடியதிலிருந்து இந்த வீட்டில் ஒரு சத்தம் கிடையாது.

பாய் மூட்டையைக் கொட்டித் தேடி, அதே ரகத்தில் ஒன்று எடுத்துக் கொடுத்தார். நேற்று மத்தியானம் நானே சொருகினேன். ஸ்விட்சைப் போட்டேன். என்னென்னவோ எழுத்து ஓடியது, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, கம்ப்யூட்டர் எழும்போது முன்பெல்லாம் வருமே, அந்தச் சின்னப் பாட்டு வந்தது.

"என்னங்க, சீக்கிரம் வாங்க, வந்து கேளுங்க!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். கட்டிவைத்த மூட்டைகளுக்கு நடுவில் என் குரல்தான் எனக்குத் திரும்பக் கேட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கம்ப்யூட்டர் என்னோடுதான் வரும். இனி எதை உடைத்தாலும், எதைக் கெடுத்தாலும், அன்றைக்கே உங்களிடம் சொல்லிவிடுவேன். இது சத்தியம். உங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தாலும் பரவாயில்லை, நான் சொல்லித்தான் தீருவேன்.

உங்கள் வீட்டுக்காரி,
அஞ்சலை