யாரையும் அனுப்பவில்லை

26.8.2002
எங்கள் ஹோட்டல் கம்பெனியின் ஆண்டறிக்கை அச்சாகி வந்துவிட்டது. ஒன்பதாம் பக்கம் முழுக்க நான் எழுதியது. 'சுற்றுலாப் பயணிகள் குறைந்த இந்த ஆண்டிலும் ஓர் ஊழியரைக்கூட நாங்கள் வேலையைவிட்டு அனுப்பவில்லை.' சட்டம் இதைக் கேட்கவில்லை. எம்.டி.தான் கேட்டார். "சென்னைக் கம்பெனிக்காரன் கேக்காமலே எம்புட்டுச் சொல்றான். நாமளும் பெரிய கம்பெனி மாதிரி பேசணும்ல, ராதாமணி."

ஜனவரியில் பதினோரு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ராஜினாமா எழுதி வாங்கினோமே? அவர்களாகவே போனதாகத்தானே கணக்கு — அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் எழுதி முடித்தேன்.

9.9
ஒச்சாயி அக்கா வந்திருந்தார். எங்களிடம் அறை பெருக்கியவர், அந்தப் பதினோரு பேரில் ஒருவர். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் வேலை கேட்டிருக்கிறார். லாட்ஜ் முதலாளி முத்திருளன் எங்கள் பங்குதாரர். அறிக்கை அவருக்கும் போயிருக்கிறது.

"யாரையும் அனுப்பலைன்னு போட்டிருக்காகளாம். அப்ப நீ மட்டும் ஏன் வெளிய நிக்கிற, என்னத்தத் திருடுனன்னு கேக்குறாரு. ஒரு சோப்புக்கட்டியக்கூட நான் தொட்டதில்ல தாயி."

அழகாக இருக்கட்டும் என்று எழுதினேன். அய்யோ, அது இவர் தலையிலா விழ வேண்டும்? அவர் முகத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை.

10.9
லாட்ஜுக்குப் போனேன். "அண்ணே, அந்தப் பக்கத்த எழுதுனது நான்தான். அது பொய். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல." முத்திருளன், "நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

27.9
பங்குதாரர் கூட்டம். முத்திருளன் எழுந்து, ஒன்பதாம் பக்கம் உண்மையா என்று கேட்டார். எம்.டி. என்னைப் பார்த்தார். எழுந்தேன். "போனவங்க எல்லாரும் அவங்களாவே எழுதிக் கொடுத்துட்டுப் போனவங்க" என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை? சீ.

வாசலில் முத்திருளன் பக்கத்தில் வந்தார். "எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதும்னு நெனச்சீகளோ?"

30.9
சம்பளம் உயர்த்தியிருக்கிறார்கள். வீட்டில் சொல்லவில்லை.

5.10
பஸ்ஸில் சோணையைப் பார்த்தேன். எங்கள் சமையல்கட்டில் பாத்திரம் கழுவியவர், பதினோரு பேரில் இன்னொருவர். அழகர்கோவில் பக்கம் ஒரு ஹோட்டலில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்களாம். அந்த முதலாளியும் எங்கள் பங்குதாரர், கூட்டத்துக்கு வந்திருக்கிறார், நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். "தானா விட்டுட்டுப் போற ஆள எப்படிச் சேக்குறதுன்னு சொல்லிட்டாரும்மா."

ஹோட்டல் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாளை ஞாயிற்றுக்கிழமை, போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். கூட்டத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு தடவையோடு முடிந்திருக்கும். மற்ற ஒன்பது பேர் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.