கிட்டார் கழுத்துக்கு ஒரு நூல் அளவு

இராஜபாளையம்
12.11.1987

என் அன்பான அத்தானுக்கு,

உங்கள் பரிபூரணத்தின் ஸ்தோத்திரம். அத்தையும் மாமாவும் நல்ல சுகம். நானும் சுகம்தான், என் இடது கைக் கட்டைவிரலைத் தவிர. அதன் கதையைச் சொல்லத்தான் பேண்டேஜ் கம்பெனி வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் தவசிமுத்து அண்ணன் பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவருக்குப் போலீஸ் வேலை கிடைத்துவிட்டது. கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் சபையில் கிட்டார் வாசித்தவள்தானே என்று அண்ணன் என்னைக் கேட்டார். அத்தை என்ன சொல்வார்களோ என்று நான் தயங்கினால், "நம்ம பிள்ளை வாசிச்சா எவளுக்கு வலிக்கு? போயி வாசிட்டி" என்று எனக்கு முந்திச் சம்மதித்துவிட்டார்கள். தெரு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. இனி நான் பின்வாங்க முடியாது.

பின்வாங்கவும் ஆசையில்லை அத்தான். அந்தத் தடித்த தந்தியை ஒரு சுண்டு சுண்டினால் வயிற்றுக்குள் கேட்கிறது. ஆனால் இரண்டு பாட்டு முடிவதற்குள் கட்டைவிரல் விண்விண்ணென்று தெறிக்கிறது. நீங்கள் வாங்கித் தருவதாகச் சொன்ன கிட்டார் வரும்வரை பொறுப்பதாகவும், அதிலும் முடியாவிட்டால் மதுரையிலிருந்து ஆள் கூப்பிடப் போவதாகவும் அண்ணன் சொல்லிவிட்டார்.

கல்கத்தா கடையில் இரண்டு பேஸ் கிட்டார் இருப்பதாகவும், ஒன்றின் நெக், அதாவது கழுத்து, ஒடுக்கம், மற்றதன் நெக் அகலம் என்றும் எழுதியிருந்தீர்கள். சின்னக் கைக்கு ஒடுக்கமானதே சரி என்ற உங்கள் தீர்ப்பு எனக்கும் சம்மதம். நீங்கள் ஏமாந்துவிடக் கூடாதென்று, அத்தை ரவிக்கைக்குக் கைச்சுற்று அளவெடுப்பதுபோல, குழுவின் கிட்டாரில் தந்திகளுக்கு அடியில் நூலை விட்டு நெக்கைச் சுற்றி, முனை சேர்ந்த இடத்தில் அடையாளத்துக்கு முடிச்சுப் போட்டு இதில் வைத்திருக்கிறேன். இந்த முடிச்சு அளவைவிடச் சிறியதாகப் பார்த்து வாங்கி, லீவில் வரும் உங்கள் பட்டாளத்து உக்கிரபாண்டி அண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள்.

உங்களுக்கு இந்தக் கிறிஸ்துமஸுக்கும் லீவு இல்லை என்பதை அத்தையிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

உங்கள்
பரிபூரணம்


இராஜபாளையம்
16.11.1987

என் அன்பான அத்தானுக்கு,

கடைக்குப் போய்விடவில்லையே? அந்த நூலைத் தூக்கி எறியுங்கள். தந்தி கொடுத்துத் தடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பட்டாளத்தில் தந்தி வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறிப்போவீர்களே என்றுதான் விட்டுவிட்டேன்.

நடந்ததைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அத்தையும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம். அங்கே மடவார் வளாகம் பகுதியில் சங்கரலிங்கம் என்று ஒருவர் இருக்கிறார். பேங்கில் வேலை, அந்த ஊர்க் குழுவில் பேஸ் வாசிக்கிறவர். அவர் கிட்டாரைப் பார்த்தால் எதை வாங்கலாம் என்று புத்தி வரும் என்று தவசிமுத்து அண்ணன்தான் அனுப்பினார். அவருடைய மனைவி தட்டு நிறையப் பால்கோவா கொடுத்தார்கள். தின்ற கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தால்தான் தொடலாம் என்று அந்த மனுஷர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிட்டாருக்கு அவ்வளவு மரியாதை.

அது அகலமான நெக். பார்த்ததுமே இது நமக்கு எட்டாது என்று நினைத்தேன். மடியில் வைத்து ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, ஐந்து பாட்டு வாசித்தேன் அத்தான். கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை! எனக்குச் சிரிப்பாக வந்தது. பிறகு, உங்களுக்கு அனுப்பியதுபோலவே அளவெடுத்து வைத்திருந்த இன்னொரு நூலை எடுத்து அதையும் சுற்றிப் பார்த்தேன். அதே சுற்றளவு. முடிச்சு அணுவளவும் தள்ளிப் போகவில்லை.

நான் விழித்துக்கொண்டு நிற்க, அத்தை நெக்கின் பின்பக்கத்தை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உங்க குழுவுல உள்ளது உலக்கை மாதிரி உருண்டுல்லா கிடக்கு. இது அகலம்னாலும் தட்டையா இருக்கே" என்றார்கள். அவ்வளவுதான் விஷயம். நம்முடையது ஒடுக்கம், ஆனால் முதுகு தடித்துப் புடைத்திருக்கிறது. விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் அதுதான் முட்டுகிறது. இவருடையது அகலம், ஆனால் முதுகு மெல்லிசு. நூலுக்கு இதெல்லாம் தெரியுமா? மொத்தச் சுற்றளவைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது.

அப்புறம் அத்தை செய்த காரியம்தான் கூத்து. உள்ளே பூரிக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டையை எடுத்துவந்து, நெக்கின் முதுகில் அப்பி அச்செடுக்கப் போய்விட்டார்கள். சங்கரலிங்கம் சார் அலறின அலறலில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் நடுவில் பாலிதீன் காகிதத்தை வைத்து இரண்டு இடத்தில் அழுத்திக்கொள்ள அவரே இடம் கொடுத்தார். பூரி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று எங்களை விடவும் இல்லை.

அந்த அச்சைக் கம்பெனி அட்டைப்பெட்டியில் வரைந்து வெட்டி வைத்திருக்கிறேன். இரண்டு அட்டை: ஒன்று நெக்கின் தலைப்பக்கத்துக்கு, மற்றது நெக்கின் குறுக்கே பதித்த கம்பிகளில் ஏழாவது கம்பிப் பக்கத்துக்கு. கடையில் இரண்டு கிட்டார் நெக்கின் முதுகிலும் வைத்துப் பாருங்கள். அட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரியாமல் உட்கார்ந்தால் அதுதான் என் கிட்டார். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

நேற்று அத்தையிடம் லீவு இல்லாததைச் சொல்லிவிட்டேன். அவர்கள் அடுப்பை ஒருதரம் ஊதிவிட்டார்கள். பிறகு, "அப்ப கச்சேரியில முன்னால உக்காந்து கைதட்ட நான் ஒருத்தி போதாதா" என்றார்கள். உங்களைவிட அவர்களுக்குத்தான் என் மேல் கரிசனம்.

இன்னும் ஒன்று. அட்டை நெக்கின் முதுகைத்தான் சொல்லும். என் விரல் எட்டுமா, உள்ளங்கையில் அடங்குமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே கடையில் நெக்கைப் பிடிக்கும்போது என் கையை நினைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள். கர்த்தர் உங்களைக் கண்மணிபோலக் காக்கட்டும். உங்கள் மேஜரின் மனதையும் கொஞ்சம் இளக்கட்டும்.

ஒருவேளை என் கை எவ்வளவு பெரியது என்பது மறந்து போயிருந்தால், கிட்டாரை விட்டுவிட்டு வாருங்கள் அத்தான். வந்து ஒருதரம் பிடித்துப் பார்த்துவிட்டுப் போய் வாங்கலாம்.

என்றும் உங்கள்
பரிபூரணம்