தெய்வம்மாவின் பேரை அழிக்கும் வரை

1985 நவம்பர் 18, திங்கட்கிழமை, காலை ஏழு பத்து. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் பிள்ளைகள் இருபத்து மூன்று பேர்.

அன்பு மகள் அம்சவேணிக்கு அப்பா எழுதுவது. நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் நர்ஸ் ஹாஸ்டலில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க வேண்டும். மேலே கணக்கு எதற்கென்றால், வாத்தியார்கள் வேலைநிறுத்தத்தில் நம் எஸ்டேட் பள்ளிக்கூடம் பூட்டி இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். போன திங்கள் நான் கட்டபெட்டுப் பக்கம் வேறொரு ஃபேக்டரிக்கு மெஷின் பூட்டப் போயிருந்தேன். பிள்ளைகளை லயத்து வீட்டில் தனியே விடப் பயந்து தாய்மார் ஆள் கணக்கு எடுக்கும் பிரட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள், உன் அம்மாவும்தான். சூப்பர்வைசர் விளையாட்டுப்போலப் பேர் கேட்டிருக்கிறார். உன் தங்கை வகுப்பில் சொல்வதுபோல் கையைக் கட்டிக்கொண்டு, தெய்வம்மா, உள்ளேன் ஐயா என்றிருக்கிறாள். அவளைப் பார்த்து மற்றதுகளும். ஒன்பது பேர் கூலிக் கணக்குச் செக்ரோலில் ஏறிவிட்டார்கள். பதினோரு வயது, ஐந்தாம் வகுப்பு, நான்கு நாள் கொழுந்து கிள்ளியிருக்கிறாள்.

வந்ததும் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன். ஏனுங்க ஃபிட்டர், பள்ளிக்கூடந்தான் பூட்டியாச்சே, சும்மா திரியறதுக்கு நாலு கொழுந்து கிள்ளுனா என்னங்க என்றார். உங்க ஊட்டுப் புள்ளைய மொதல்ல கூடையோட அனுப்புங்க, எம்புள்ள பின்னால வரும் என்றேன். பள்ளிக்கூடம் திறந்ததும் அழிப்பாராம். அழிக்க மாட்டார். சிலோனில் உன் அம்மாவுக்குப் பத்து வயதில் செக்ரோலில் விழுந்த பேர் கப்பலேறி வந்தும் அழியவில்லை. அம்மாவைத் திட்டினேன், அது என் தப்பு. பூட்டுன நாள்லேர்ந்து அந்தப் புள்ள எங்க இருக்கும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா என்றாள்.

வெள்ளிக்கிழமை முதல் கொட்டகையில் நானே வகுப்பு நடத்துகிறேன், பத்து மணிக்குக் கொழுந்து வரும்வரை இடம் காலிதானே. பள்ளிக்கூடப் பூட்டை ஒரு நிமிடத்தில் கழற்றுவேன், கழற்ற மாட்டேன், வாத்தியார்கள் கேட்பது நியாயம். சனிக்கிழமை சுசீலா டீச்சர் வந்து, ஏனுங்கண்ணா எங்க ஸ்ட்ரைக்கை உடைக்கறீங்களா என்று சண்டை. விஷயத்தைச் சொன்னேன். நான் போட்டிருந்த கணக்கை எட்டிப் பார்த்தார். பிறகு வெளியே நின்றபடியே, பின்னம் அப்படிக் கூட்டக் கூடாதுங்க, கீழ் எண்ணைச் சமமாக்குங்க, நான் பாடம் நடத்தலை, தப்பைத்தான் சொன்னேன் என்றார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். போகுமுன் ஒன்பது பேரின் பிறந்த தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இன்று பிரட்டில், பிள்ளை வராவிட்டால் தாய்க்கும் வேலையில்லை என்று சூப்பர்வைசர் மிரட்டியிருக்கிறார். உன் அம்மா கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, மொதல்ல எம்மக பேரை அழிங்க, அப்புறம் எம்பேரைக் கூப்பிடுங்க என்றாளாம். மற்ற எட்டுத் தாய்மாரும் உட்கார்ந்துவிட்டார்கள். இதைப் படித்துவிட்டு நீ பஸ் ஏறி வராதே, பரீட்சையை முடி. குளிருக்குப் போர்வை அனுப்பியிருக்கிறேன், வந்ததும் எழுது. எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை பிரட்டில் அவர்களோடு நானும் உட்காருவேன்.
2. அழிக்காவிட்டால் டீச்சர் எழுதிய தாளோடு குன்னூர் லேபர் ஆபீசுக்கு முதல் பஸ். பன்னிரண்டு வயதுக்குக் கீழே பேர் போடக் கூடாது, சட்டம்.
3. அங்கேயும் நடக்காவிட்டால், ஃபேக்டரியில் எந்த மெஷின் நின்றாலும் கை வைக்க மாட்டேன். கொழுந்து அழுகட்டும்.
4. வேலை போனால் வேறு எஸ்டேட். தெய்வம்மா கொழுந்துக்குப் போகமாட்டாள்.

உன் அப்பா,
தங்கையா, ஃபிட்டர்